தேடல் எண் எங்கிருந்து வருகிறது: கீவேர்டு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

கூகுள் போன்ற தேடுபொறிகளில் மக்கள் தட்டச்சு செய்யும் சொற்களையும் தொடர்களையும் திரட்டி, அவை மாதத்துக்கு எத்தனை முறை தேடப்படுகின்றன, அவற்றுக்கான முடிவுப் பக்கத்தில் இடம்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பவற்றைக் கணித்துச் சொல்லும் மென்பொருள்கள் கீவேர்டு ஆய்வு மென்பொருள்கள் எனப்படுகின்றன. ஒரு வலைத்தளத்தைத் தேடல் முடிவுகளில் முன்னுக்குக் கொண்டுவரும் முயற்சியான எஸ்.இ.ஓ.வில், எதைப் பற்றி எழுதுவது, எந்தச் சொல்லால் எழுதுவது என்று முடிவுசெய்யும் முதல் கட்டத்தில் இவை பயன்படுகின்றன. ஏஎச்ரெஃப்ஸ், செம்ரஷ், மாஸ், மேங்கூல்ஸ், ஊபர்சஜெஸ்ட் என்று சந்தையில் பல பெயர்கள் புழங்குகின்றன. அவற்றுட் பலவும் தம் தரவுத்தளத்தில் எத்தனை கோடிச் சொற்கள் உள்ளன என்பதையே பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கின்றன. வாங்குவோரும் அந்த எண்ணிக்கையையும் மாதக் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, எஞ்சியதைத் திரையின் அழகுக்கு விட்டுவிடுகின்றனர். இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு சொல்லுக்கு நேரே ‘மாதத்துக்கு 2,400’ என்று ஒரு மென்பொருள் காட்டுகிறதென்றால், அந்த 2,400 அதற்கு எங்கிருந்து கிடைத்தது?

ஒரு சொல் எத்தனை முறை தேடப்பட்டது என்பதை நேரடியாக எண்ணக்கூடியவர் அந்தத் தேடுபொறியை நடத்துபவர் மட்டுமே. அவருடைய பதிவேடு வெளியாரின் பார்வைக்கு வருவதில்லை. அரிதாக ஒருமுறை வந்தது. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவும் என்று கருதி, ஏறத்தாழ 6.5 லட்சம் பயனர்கள் மூன்று மாதங்களில் செய்த சுமார் 2 கோடித் தேடல்களைப் பொதுவெளியில் வைத்தது. பெயர்களுக்குப் பதிலாக எண்கள் இடப்பட்டிருந்தும், தேடிய சொற்களைக் கொண்டே ஒரு பயனர் இன்னார் என்று நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் கண்டுபிடித்துவிட்டனர். ஏஓஎல் சில நாள்களிலேயே அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் பிரதிகள் பரவிவிட்டன. முடிவுப் பக்கத்தில் முதலிடத்துக்கு எத்தனை விழுக்காடு கிளிக் கிடைக்கும் என்று எஸ்.இ.ஓ. துறையினர் பல ஆண்டுகள் மேற்கோள் காட்டிய கணக்குகளுள் ஒன்று அந்தக் கோப்பிலிருந்து பிறந்ததே. அதன்பின் பெரிய தேடுபொறிகள் அத்தகைய பதிவேட்டை அவ்வாறு திறந்துவிடத் தயங்கின.

அப்படியிருந்தும் தேடல் எண்கள் வெளியே வந்ததற்கு விளம்பர வணிகமே காரணம். 1998இல் பில் குரோஸ் தொடங்கிய கோடூ.காம் என்னும் தேடுபொறி, ஒவ்வொரு சொல்லுக்கும் விளம்பரதாரர்கள் ஏலம் கேட்டு, கிளிக் விழும்போது மட்டும் பணம் கட்டும் முறையைப் பரப்பியது. ஏலம் கேட்பவருக்கு அந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே 2001இல் ஓவர்ச்சர் என்று பெயர் மாறி, 2003இல் யாஹூவின் கைக்குப் போன அந்த நிறுவனம், முந்தைய மாதத் தேடல் எண்ணிக்கையைக் காட்டும் கருவி ஒன்றை இலவசமாக வைத்திருந்தது. எஸ்.இ.ஓ. துறையின் முதல் தலைமுறையினர் அதைக் கொண்டுதான் தொழில் கற்றனர். அக்கருவி ஒருமையையும் பன்மையையும் ஒன்றாகவே எண்ணியது. தங்கள் விளம்பரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று அறிய இயந்திரங்களை விட்டுத் தேடியவர்களின் தேடல்களும் அந்தக் கணக்கில் கலந்தன. அதே காலத்தில் தோன்றிய வேர்டுடிராக்கர் என்னும் கட்டண மென்பொருள் வேறு வழியை நாடியது: பல தேடுபொறிகளின் முடிவுகளைத் திரட்டித் தரும் டாக்பைல், மெட்டாகிராலர் ஆகிய தளங்களின் தேடல் பதிவுகளை வைத்து மொத்தத்தை ஊகித்தது. விளம்பர விற்பனையாளர் தருவதை வாங்குவது, அல்லது ஒரு சிறு கூட்டத்தின் தேடலைப் பார்த்துப் பெருங்கூட்டத்தைக் கணிப்பது என்னும் அவ்விரு வழிகளுக்கு அப்பால் இன்றைய மென்பொருள்கள் வெகுதூரம் போய்விடவில்லை.

முதல் வழியின் இன்றைய வடிவம் கூகுளின் கீவேர்டு பிளானர். 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்று தொடங்கி 2018இல் கூகுள் ஆட்ஸ் என்று பெயர் மாறிய விளம்பரச் சேவையின் உறுப்பாக, 2013இல் இது வெளிவந்தது. விளம்பரக் கணக்கு தொடங்கும் எவரும் இதைப் பயன்படுத்தலாம், கட்டணம் இல்லை. கூகுளின் சொந்த எண்ணைத் தருவதால் ஏனைய மென்பொருள்கள் பலவும் இதையே அடித்தளமாகக் கொள்கின்றன. எனவே இதன் எண்ணில் உள்ள குறைகளை அறிந்துகொண்டால் மற்றவற்றின் குறைகளுள் பாதி தானே விளங்கிவிடும்.

பிளானர் காட்டும் எண் கடந்த 12 மாதங்களின் சராசரி. ‘பொங்கல் கோலம்’ என்னும் தொடர் ஜனவரியில் மட்டும் 12,000 முறை தேடப்பட்டு ஏனைய மாதங்களில் எவராலும் தொடப்படாமல் கிடந்தாலும், மாதத்துக்கு 1,000 என்றே கணக்கு வரும். ஆண்டு முழுவதும் சீராக 1,000 முறை தேடப்படும் சொல்லுக்கும் அதே எண்தான். சராசரியோடு தரப்படும் மாதவாரிப் பட்டையை விரித்துப் பார்க்காதவர்கள் இவ்விரண்டையும் ஒன்றென்று கருதுவர். அடுத்து, அந்தச் சராசரியும் உள்ளபடியே தரப்படுவதில்லை. 1,000, 1,300, 1,600, 1,900, 2,400, 2,900, 3,600, 4,400, 5,400, 6,600, 8,100, 9,900 என்று முன்கூட்டியே வகுத்த படிகளுள் ஏதேனும் ஒன்றில் ஒவ்வொரு சொல்லும் நிறுத்தப்படுகிறது. மேலே போகப் போகப் படிகளின் இடைவெளி அகலும். 8,100 என்று காட்டப்படும் சொல்லின் உண்மை எண் அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் எந்தப் பக்கமும் இருக்கலாம். வெவ்வேறு மென்பொருள்களில் 2,400, 5,400, 8,100 என்னும் எண்களே திரும்பத் திரும்ப வருவதைக் காண்பவர், அவை எந்தக் கிணற்றில் நீர் எடுத்தன என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

2016இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. நெருங்கிய வடிவங்களான ஒருமை, பன்மை, சுருக்கப்பெயர், முழுப்பெயர் ஆகியவற்றைத் தொகுத்து ஒரே எண்ணைத் தருவதென்று கூகுள் முடிவு செய்தது; ‘எஸ்.இ.ஓ.’ என்பதற்கும் அதன் முழு ஆங்கில விரிவுக்கும் ஒரே எண் வரத் தொடங்கியதை அத்துறையினரே முதலில் கவனித்தனர். தொகுக்கப்பட்ட இரண்டு சொற்களுக்கும் தனித்தனியே 5,400 என்று பட்டியலில் காணும் ஒருவர் அவற்றைக் கூட்டி 10,800 என்று எழுதினால், இல்லாத கூட்டத்துக்குப் பந்தி விரிப்பார். மற்றொன்று, விளம்பரத்துக்கு மிகக் குறைவாகச் செலவிடும் கணக்குகளுக்குத் துல்லிய எண் மறைக்கப்பட்டு, ‘1,000 முதல் 10,000 வரை’ என்பது போன்ற வீச்சு மட்டும் காட்டப்பட்டது. விளம்பரத்துக்குப் பணம் கட்டாமல் இலவச எண்ணுக்காக மட்டும் வந்து போனவர்களை வெளியேற்றும் நடவடிக்கை என்றே இதைக் கொள்ள வேண்டும். வணிக நோக்கில் அதில் குறை காண இயலாது.

பிளானரில் ‘போட்டி’ என்றொரு நெடுவரிசை உண்டு. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று அது சொல்வது அந்தச் சொல்லுக்கு ஏலம் கேட்கும் விளம்பரதாரர்களின் நெருக்கடியைப் பற்றியது. விளம்பரம் அல்லாத முடிவுகளில் மேலே வருவது எளிதா கடினமா என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. விற்பதற்கு எதுவுமில்லாத ஒரு வரலாற்றுத் தலைப்புக்கு அங்கே ‘குறைவு’ என்று வரும். முடிவுப் பக்கத்திலோ விக்கிப்பீடியாவும் பல்கலைக்கழகங்களும் அசையாமல் அமர்ந்திருக்கும். இந்த ஒரு நெடுவரிசையைத் தவறாகப் படித்துத் தலைப்புகளைத் தேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். பயிற்சி வகுப்புகளிலேயே அது தவறாகக் கற்பிக்கப்படுவதும் உண்டு.

இரண்டாம் வழி கிளிக்ஸ்ட்ரீம் எனப்படும் தரவை நம்பியுள்ளது. ஒருவர் தம் உலாவியில் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போனார், இடையே எதைத் தேடினார் என்னும் தடங்களின் தொகுப்பே கிளிக்ஸ்ட்ரீம். உலாவி நீட்டிப்புகள், இலவசச் செயலிகள் ஆகியவற்றின் வழியே பல லட்சம் பேரிடமிருந்து இத்தடங்கள் திரட்டப்பட்டு மொத்தமாக விற்கப்படுகின்றன. கீவேர்டு மென்பொருள் நிறுவனங்கள் அவற்றை வாங்கி, கூகுள் ஒன்றாகத் தொகுத்த சொற்களைப் பிரிக்கவும், படிகளாக்கிய எண்ணைச் செம்மைப்படுத்தவும், தேடியவர்களுள் எத்தனை பேர் உண்மையில் ஒரு முடிவைக் கிளிக் செய்தனர் என்று கணிக்கவும் பயன்படுத்துகின்றன. ஏஎச்ரெஃப்ஸ் இவ்வழியை வெளிப்படையாகவே விளக்குகிறது. கணித முறையாக இதில் பிழையில்லை. மாதிரியாக எடுத்த மக்கள் யார் என்பதில்தான் சிக்கல் உள்ளது. ஒரு குறிப்பிட்ட நீட்டிப்பைக் கணினியில் நிறுவியவர்கள் எல்லா மக்களையும் போன்றவர்கள் அல்லர். கைப்பேசியிலேயே தேடுபவர்களும், ஆங்கிலம் அல்லாத மொழியில் தேடுபவர்களும் அத்தகைய கூட்டத்தில் குறைவாகவே அகப்படுகின்றனர்.

இத்தரவு எத்தகைய இடத்திலிருந்து வரக்கூடும் என்பதை ஜம்ப்ஷாட்டின் கதை காட்டியது. செக் நாட்டின் அவாஸ்ட் நிறுவனம் உலகெங்கும் இலவசமாக வழங்கிவந்த வைரஸ் தடுப்பு மென்பொருளின் பயனர்களிடமிருந்து உலாவல் தடங்களைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்னும் துணை நிறுவனத்தின் மூலம் விற்றுவந்தது; 10 கோடிச் சாதனங்களின் தரவு தன்னிடம் இருப்பதாக ஜம்ப்ஷாட் பெருமை பேசியது. மாஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ராண்ட் ஃபிஷ்கின் பின்னர் நிறுவிய ஸ்பார்க்டோரோ, 2019இல் இந்தத் தரவைக் கொண்டுதான், கூகுள் தேடல்களுள் பாதிக்கு மேல் எந்தக் கிளிக்கும் இன்றியே முடிகின்றன என்னும் பரவலாகப் பேசப்பட்ட ஆய்வை வெளியிட்டது. 2020 ஜனவரியில் மதர்போர்டு, பிசி மேக் ஆகிய இதழ்கள் இந்த விற்பனையை அம்பலப்படுத்தவே, அவாஸ்ட் அதே மாத இறுதியில் ஜம்ப்ஷாட்டை மூடுவதாக அறிவித்தது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வணிக ஆணையம் அவாஸ்டுக்கு 1.65 கோடி டாலர் செலுத்த உத்தரவிட்டது. தங்கள் கணினியைக் காக்கும் என்று நம்பி நிறுவிய மென்பொருளே தங்கள் தேடலை விற்றதை அப்பயனர்கள் செய்தித்தாளில் படித்துத்தான் அறிந்தனர். கீவேர்டு ஆய்வாளருக்கு இதில் தனியாக ஒரு பாடமும் உண்டு: தரவு விற்பவர் ஒருவர் மறைந்தால், அவரை நம்பிய மென்பொருளின் எண்கள் ஓரிரவில் மாறிவிடக்கூடும், திரையில் அதற்கான அறிவிப்பு எதுவும் வராது.

ஒரே சொல்லுக்கு ஒரு மென்பொருள் 900 என்றும் மற்றொன்று 2,400 என்றும் காட்டுவதைக் கண்டு எது உண்மை என்று கேட்பவர்கள் பலர். இரண்டுமே கணிப்பு என்பதே அதற்கு விடை. எண்ணின் அளவை நம்புவதைவிட, ஒரே மென்பொருளுக்குள் ஒரு சொல் மற்றொன்றைவிடப் பெரியதா சிறியதா என்னும் வரிசையை நம்புவது பாதுகாப்பானது. தரவுத்தளத்தின் பருமனும் இதே போன்ற மயக்கத்தைத் தருவது. நாள்தோறும் வரும் தேடல்களுள் ஏறத்தாழ 15 விழுக்காடு அதற்குமுன் ஒருபோதும் தேடப்படாதவை என்று கூகுள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அப்படியானால் எத்தனை கோடிச் சொற்களைத் திரட்டினாலும் நாளைய தேடலில் ஒரு பங்கு எந்தத் தரவுத்தளத்திலும் இராது. திரட்டியவற்றுள்ளும் மிகப் பெரும்பாலானவை மாதத்துக்குப் பத்து முறைகூடத் தேடப்படாத அரிய தொடர்களே. அவற்றுக்கு எதிரே நிற்கும் ‘10’ என்னும் எண் பூஜ்யமாகவும் இருக்கலாம், முப்பதாகவும் இருக்கலாம்.

கடின மதிப்பெண் என்னும் மற்றோர் எண், 0 முதல் 100 வரையிலான அளவுகோலில், ஒரு சொல்லுக்கு முதல் பக்கத்தில் இடம்பிடிக்கும் கடினத்தைச் சொல்ல முயல்கிறது. ஏஎச்ரெஃப்ஸ் இதை, முதல் பத்து முடிவுகளுக்கு எத்தனை வெவ்வேறு தளங்களிலிருந்து இணைப்புகள் வந்துள்ளன என்பதைக் கொண்டு கணக்கிடுகிறது. அப்பக்கங்களின் உள்ளடக்கம் நல்லதா, தேடியவரின் கேள்விக்கு விடை சொல்கிறதா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. மாஸ் தன் சொந்த அளவைகளான பக்க மதிப்பையும் தள மதிப்பையும் வைத்துக் கணக்கிடுகிறது. செம்ரஷ் பல காரணிகளைக் கலக்கிறது. ஆகையால் ஒன்றில் 20 என்று வரும் சொல் இன்னொன்றில் 55 என்று வரலாம். ஒன்றன் மதிப்பெண்ணை மற்றொன்றன் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. இணைப்புகளை மட்டும் எண்ணும் எளிய முறை, எதை எண்ணுகிறது என்று தெளிவாகச் சொல்லிவிடுவதால், பல காரணிகளை மறைவாகக் கலக்கும் முறையைவிட நம்பத்தக்கது என்று வாதிட இடமுண்டு. எந்த மதிப்பெண்ணும் முடிவுப் பக்கத்தைக் கண்ணால் ஒருமுறை பார்ப்பதற்கு ஈடாகாது.

ஏற்கெனவே ஓரளவு வாசகர்களைக் கொண்ட தளத்துக்கு, மேற்சொன்ன எதையும்விட மேலான சான்று கூகுளின் சர்ச் கன்சோலில் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு தளத்துக்கு வந்தவர் எந்தச் சொல்லைத் தேடி வந்தார் என்பது அத்தளத்தின் வருகைப் பதிவிலேயே தெரிந்தது. 2011 அக்டோபர் முதல் கூகுள் தன் கணக்கில் உள்நுழைந்தவர்களின் தேடலை மறைக்கத் தொடங்கி, 2013இல் அனைவருக்கும் மறைத்துவிட்டது. அதன்பின் அச்சொற்களைக் காண எஞ்சிய முறையான வழி, 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று அழைக்கப்பட்ட சர்ச் கன்சோல்தான். ஒரு தளம் எந்தெந்தத் தேடலில் எத்தனை முறை தோன்றியது, எத்தனை கிளிக் பெற்றது, சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்னும் விவரங்களைக் கடந்த 16 மாதங்களுக்கு அது காட்டுகிறது. மிகச் சிலரே தேடிய அரிய சொற்களைத் தனியுரிமை கருதி அது மறைத்துவிடுவதும், திரையில் 1,000 வரிசைகளுக்கு மேல் காட்டாததும் அதன் எல்லைகள். அந்த எல்லைக்குள் அது தருவது ஊகம் கலவாத எண்ணிக்கை.

கட்டண மென்பொருளைச் சோதிப்பதற்கான அளவுகோலும் இங்கேதான் கிடைக்கிறது. ஒரு தளம் ஏதேனும் ஒரு சொல்லுக்கு ஒரு மாதம் முழுவதும் முதல் பக்கத்தில் நிலையாக நின்றிருந்தால், அந்தச் சொல்லைத் தேடிய ஏறத்தாழ ஒவ்வொருவரின் திரையிலும் அது தோன்றியிருக்கும். எனவே சர்ச் கன்சோல் அந்த மாதத்துக்குக் காட்டும் தோற்ற எண்ணிக்கை, அச்சொல்லின் உண்மையான தேடல் எண்ணுக்கு மிக அருகில் நிற்கும். இத்தகைய இருபது முப்பது சொற்களைப் பொறுக்கி, நாடு வாரியாக வடிகட்டி, வாங்க நினைக்கும் மென்பொருளின் இலவசச் சோதனைக் காலத்தில் அது அச்சொற்களுக்கு என்ன எண் தருகிறது என்று ஒப்பிட்டால், இணையத்தில் கொட்டிக் கிடக்கும் ‘சிறந்த பத்து மென்பொருள்கள்’ பட்டியல்கள் சொல்லாத உண்மை ஓர் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அப்பட்டியல்களுள் பல, வாங்குபவரை அனுப்பிவைப்பதற்குத் தரகு பெற்று எழுதப்படுபவை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். ஒப்பிடும்போது எண்கள் இரு மடங்கு மிகையாக இருந்தாலும் பாதகமில்லை. எல்லாச் சொற்களுக்கும் அதே இரு மடங்காக இருந்தால் அந்த மென்பொருள் பயன்படும். ஒரு சொல்லுக்கு மிகையும் இன்னொரு சொல்லுக்குக் குறையுமாகத் தாறுமாறாக இருந்தால் அதை விலக்குவதே முறை.

தமிழில் எழுதும் தளங்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம் என்றே சொல்ல வேண்டும். கூகுளின் விளம்பரச் சேவைகள் தமிழை முறையாக ஏற்கத் தொடங்கியதே 2018இல்தான். விளம்பரத்தின் நிழலாகவே தேடல் எண் வளர்ந்தது என்னும் வரலாற்றை எண்ணிப் பார்த்தால், தமிழ்ச் சொற்களின் எண்கள் மெலிந்திருப்பதன் காரணம் விளங்கும். மேலும் தமிழ்த் தேடல் இரண்டு எழுத்து முறைகளில் நடக்கிறது. ஒரே சமையல் குறிப்பைத் தமிழ் எழுத்தில் தேடுவோரும், ரோமன் எழுத்தில் தமிழை ஒலிபெயர்த்துத் தேடுவோரும் உள்ளனர். ‘வெந்தயக் களி’ என்பதை ரோமன் எழுத்தில் தட்டும்போது தகர ஒலிக்கு ஒருவர் ஓர் எழுத்தையும் மற்றவர் இரண்டு எழுத்தையும் இடுவர். வேறு சொற்களில் குறில் நெடில் வேறுபாட்டைக் காட்டுவாரும் உளர், விடுவாரும் உளர். இவ்வாறு சிதறிய வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பத்து, இருபது என்று எண் வருவதால், மொத்தத்தில் ஆயிரத்தைத் தொடும் தேவை ஒன்றுமில்லாதது போலத் தோன்றும்.

வேற்றுமை உருபுகளால் வரும் சிக்கல் இதனினும் ஆழமானது. கோயம்புத்தூர், கோயம்புத்தூரில், கோயம்புத்தூருக்கு, கோவையில் என்று ஓர் ஊர்ப்பெயரே பல வடிவம் எடுக்கும். ஆங்கிலத்துக்கென்று வடிவமைக்கப்பட்ட மென்பொருள் இவற்றைத் தொடர்பற்ற சொற்களாகவே அடுக்குகிறது. உருபு ஏற்கும் மொழிக்கு இதைச் செய்ய இயலாது என்பதில்லை. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடுபொறி இலவசமாக வழங்கும் வேர்ட்ஸ்டாட் என்னும் கருவி, ஒரு ரஷ்யச் சொல்லைக் கொடுத்தால் அதன் எல்லா வேற்றுமை வடிவங்களையும் ஒருங்கே எண்ணித் தருகிறது. குறிப்பிட்ட வடிவத்தை மட்டும் அறிய விரும்பினால் சொல்லுக்கு முன் ஒரு வியப்புக்குறி இட்டால் போதும். மேற்கோள் குறிக்குள் இட்டால் அச்சொற்கள் மட்டுமே அடங்கிய தேடல்களை எண்ணும். தன் மொழியின் இலக்கணத்தை அறிந்த தேடுபொறி, தன் சொந்தப் பதிவேட்டிலிருந்து நேரடியாகத் தரும் எண் அது. தமிழுக்கு அத்தகைய ஒன்று இல்லாததால், வடிவங்களைத் தொகுத்துக் கூட்டும் வேலையை எழுதுபவரே ஓர் எக்செல் தாளில் செய்துகொள்ள வேண்டியுள்ளது. பெரிய கட்டண மென்பொருள்களின் தரவுத்தளங்கள் மொழி வாரியாக அல்லாமல் நாடு வாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் ஒரே தமிழ்ச் சொல்லைத் தனித்தனியே பார்த்துக் கூட்டுவதும் அவரது பொறுப்பாகிறது.

எண் மெலிந்த இடத்தில் சொற்களையாவது திரட்டித் தருவன, தேடல் பெட்டியில் தட்டும்போதே கீழே விரியும் பரிந்துரைகள். 2004இல் கூகுளின் சோதனைக்கூடத் திட்டமாக வந்து, 2008இல் எல்லாருக்கும் இயல்பாக்கப்பட்ட இவ்வசதியைத்தான் ஊபர்சஜெஸ்ட், ஆன்சர் தி பப்ளிக் போன்றவை ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துத் தட்டி அறுவடை செய்கின்றன. தமிழிலும் இது நன்றாகவே வேலை செய்கிறது. பொறுமை உள்ளவர் கைப்பேசியில் தாமே செய்துகொள்ளலாம். 2006இல் தொடங்கிய கூகுள் டிரெண்ட்ஸ் தேடல் எண்ணைச் சொல்வதில்லை. உச்சத்தை 100 என்று வைத்து ஏற்ற இறக்கத்தை மட்டும் காட்டுகிறது. இரண்டு சொற்களுள் எது மேலோங்கி வருகிறது, எந்த மாநிலத்தில், எந்த மாதத்தில் என்று அறிய அதுவே போதும்.

தேடுபவரின் நோக்கம் பற்றிய வகைப்பாட்டையும் மென்பொருள்கள் இப்போது ஒட்டித் தருகின்றன. 2002இல் ஆண்ட்ரே புரோடர் எழுதிய ஆய்வுரை, தேடல்களைக் குறிப்பிட்ட தளத்துக்குப் போவதற்கானவை, செய்தி அறிவதற்கானவை, ஒரு செயலை முடிப்பதற்கானவை என்று மூன்றாகப் பகுத்தது. செம்ரஷ் போன்றவை வாங்கும் முன் ஒப்பிடுவதை நான்காவதாகச் சேர்த்துக்கொண்டன. பட்டியலை வடிகட்ட உதவும் வசதி இது. இதற்காகத் தனியே பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அண்மைய மாற்றங்கள் இரண்டு இந்தச் சந்தையைக் கலைத்துள்ளன. 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள் அறிமுகப்படுத்திய ஏஐ ஓவர்வியூ, கேள்விக்கான விடையை முடிவுகளுக்கு மேலேயே எழுதித் தந்துவிடுவதால், ஒரு சொல்லின் தேடல் எண்ணுக்கும் அதனால் தளத்துக்கு வரும் வருகைக்கும் இடையே ஏற்கெனவே இருந்த இடைவெளி மேலும் அகன்றுவிட்டது. 2025 செப்டம்பரில், ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டும் வழியைக் கூகுள் அடைத்தது. முடிவுகளை இயந்திரத்தால் வாசித்துத் தரவுத்தளத்தை நிரப்பும் மென்பொருள் நிறுவனங்கள், முன்பு ஒருமுறை கேட்டுப் பெற்றதைப் பத்து முறை கேட்டுப் பெற வேண்டியதாயிற்று. அச்செலவு கட்டணத்திலோ, ஆழமான இடங்களின் தரவு குறைவதிலோ வெளிப்படும். உரையாடல் வகைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கீவேர்டு பட்டியல் கேட்பதும் பரவிவருகிறது. தலைப்புகளை நினைவூட்ட அவை நல்ல துணை. தேடல் தரவோடு இணைக்கப்படாத நிலையில் அவை தரும் எண்களை நம்புவதைவிடச் சீட்டுக் குலுக்கிப் போடலாம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், தமிழில் மட்டும் எழுதும் தனிநபர் தளத்துக்குக் கட்டண மென்பொருள் தேவையே இல்லை எனலாம். சர்ச் கன்சோல், பிளானர், டிரெண்ட்ஸ், தேடல் பெட்டிப் பரிந்துரை ஆகிய நான்கும் இலவசம், நான்கும் கூகுளின் சொந்தத் தரவு. இணையக் கடை நடத்துபவர் ஒரு சிறு தொகையைக் கூகுள் விளம்பரத்தில் செலவிட்டு, சொல்லுக்குச் சரியாகப் பொருந்தும் தேடலுக்கு மட்டும் விளம்பரம் தோன்றுமாறு அமைத்தால், பெற்ற தோற்றங்களையும், தோன்றியிருக்கக்கூடியவற்றுள் அவை எத்தனை விழுக்காடு என்னும் தோற்றப் பங்கையும் கொண்டு உண்மையான தேடல் எண்ணை ஏறத்தாழத் தாமே கணக்கிடலாம். விற்பனைக்கு வழிவகுக்கும் சொல் எது என்பதும் அதே செலவில் தெரிந்துவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக ஆங்கிலத்தில் பணிபுரியும் தொழில்முறையாளருக்கே ஏஎச்ரெஃப்ஸ், செம்ரஷ் போன்றவற்றின் 100 டாலரைத் தாண்டும் மாதக் கட்டணம் பொருளுள்ளதாகிறது. அவற்றுள்ளும் ஏஎச்ரெஃப்ஸ் இணைப்புகளைத் திரட்டும் தரவுத்தளமாகத் தொடங்கி வளர்ந்தது. செம்ரஷ் சியோக்வேக் என்னும் உலாவி நீட்டிப்பிலிருந்து தோன்றி, போட்டியாளரின் விளம்பரங்களையும் தரவரிசையையும் உளவறிவதில் பெயர் பெற்றது. பிறப்பின் சாயல் இரண்டிலும் இன்னும் மறையவில்லை. செம்ரஷ்ஷை ஏறத்தாழ 190 கோடி டாலருக்கு வாங்குவதாக அடோபி 2025 நவம்பரில் அறிவித்திருப்பதால், சிறு பயனர்களுக்கான கட்டணத் திட்டங்கள் இப்படியே நீடிக்கும் என்று எண்ணி ஆண்டுச் சந்தா கட்டுவதற்கு முன் சற்றுத் தயங்கலாம்.

கீவேர்டு ஆய்வு நாள்தோறும் செய்யும் வேலை அன்று. ஒரு தளத்தின் தலைப்புகளைத் திட்டமிடும் காலத்தில், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நெருக்கமாகச் செய்யப்படுவது. ஆகவே ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டி, தேவையான சொற்கள் அனைத்தையும் கோப்பாகத் தரவிறக்கிக்கொண்டு, புதுப்பிப்புத் தேதிக்கு முன் நிறுத்திவிடுவதே சிக்கனமான வழி. அதற்கு முன் பார்க்க வேண்டியது, அந்தத் திட்டத்தில் ஒரு மாதத்துக்கு எத்தனை வரிசைகளைத் தரவிறக்க முடியும் என்பது. விலைப் பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்த வரம்பே மலிவான திட்டங்களைப் பயனற்றதாக்குகிறது. தரவிறக்கிய கோப்பில் மென்பொருளின் பெயரையும், நாட்டுத் தரவுத்தளத்தையும், எடுத்த நாளையும் தனி நெடுவரிசைகளில் உடனே குறித்துவிட வேண்டும். இல்லையேல் அடுத்த முறை வேறொரு மென்பொருளின் பட்டியலோடு அது கலந்த பின், எந்த எண் எதனுடையது என்று பிரித்தெடுக்க வழியிராது.